வீடும் வாசலும்



நம் பங்கின் குடும்பப் பதிவேட்டில் 'சொந்த ஊர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பழைய பதிவேட்டைக் கரையான் அரித்துவிட்டதால், மார்கழி முழுவதும் இளைஞர் சிலரை உட்கார வைத்துப் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதினோம். அந்தக் கட்டத்தை மட்டும் நான் தனியாகப் படித்துப் பார்த்தேன். உவரி, வள்ளியூர், தேவகோட்டை, திண்டுக்கல், செஞ்சி, கும்பகோணம். முப்பது வருடமாக இங்கே குடியிருக்கிற குடும்பமும் உவரி என்றுதான் எழுதியிருக்கிறது. இங்கே பிறந்து, இங்கே திருமுழுக்குப் பெற்று, நம் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிற பையனும் தன் தாத்தாவின் ஊரைத்தான் எழுதியிருக்கிறான். நாம் நிற்கிற இந்த ஊரின் பெயரைச் சொந்த ஊர் என்று எழுதிய குடும்பங்கள் நான்கே நான்கு. கோவிலுக்குப் பின்னால் ஏரிக்கரைத் தெருவில் பல தலைமுறையாக இருக்கிறவர்கள் அவர்கள்.

மற்ற நாம் எல்லோரும் வந்து இறங்கியவர்கள். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியது 1931 இல். அன்றிலிருந்தே இது வந்து இறங்குகிறவர்களின் பூமி. எனக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நானும் என் படிவத்தில் அதைத்தான் எழுதினேன். ஆகவே யாரையும் குற்றம் சொல்ல நான் இந்தப் பேச்சைத் தொடங்கவில்லை.

இன்று குடியரசு நாள். நாட்டுக்காக ஒப்புக்கொடுக்கும் திருப்பலிக்கு எரேமியா 29 ஆம் அதிகாரத்தை நானே தேர்ந்தெடுத்தேன். அது ஒரு கடிதம். கி.மு. 597 இல் நெபுகத்னேசர் எருசலேமிலிருந்து அரசனையும், அரசனின் தாயையும், தச்சர்களையும், கொல்லர்களையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். அவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதுகிறார். எலாசா, கெமரியா என்ற இரண்டு பேர் அரச தூதர்களாக அந்தப் பக்கம் போகிறார்கள். அவர்கள் கையில் கொடுத்தனுப்புகிறார். ஊரிலிருந்து கடிதம் வருகிறது என்றால் எப்படிக் காத்திருந்திருப்பார்கள்! 'சீக்கிரம் திரும்பிவிடுவீர்கள், மூட்டையைக் கட்டி வையுங்கள்' என்று இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். எரேமியா எழுதியதோ வேறு. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்கிறார். அதற்குப் பிறகுதான் பெரிய இடி. உங்களைப் பிடித்துக்கொண்டு போன அந்த நகரத்தின் நலனைத் தேடுங்கள், அதற்காக மன்றாடுங்கள், அதன் நலனில்தான் உங்கள் நலனும் இருக்கிறது என்கிறார்.

அந்த அதிகாரத்தின் 11 ஆம் வசனம் உங்களில் பாதிப் பேர் வீட்டில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. உங்களுக்கான என் திட்டம் நல்வாழ்வுக்கானது என்று ஆண்டவர் சொல்லும் வசனம். வீடு மந்திரிக்கப் போகிற இடமெல்லாம் பார்க்கிறேன். நல்ல வசனம்தான். ஆனால் அதற்கு நான்கு வரி முன்னால் இருக்கிற 7 ஆம் வசனத்தை, நகரத்தின் நலனைத் தேடு என்கிற அந்த வசனத்தை, மாட்டிவைத்த வீட்டை இதுவரை நான் பார்த்ததில்லை. கடிதத்தைப் பாதியில் கிழித்து நமக்குச் சாதகமான பாதியை மட்டும் ஆணியில் மாட்டியிருக்கிறோம்.

இந்தக் கடிதத்துக்கு முந்தின அதிகாரத்தில் இன்னொரு இறைவாக்கினன் வருகிறான், அனனியா என்று பெயர். எரேமியாவின் கழுத்தில் இருந்த மரநுகத்தைப் பிடுங்கி எல்லோர் முன்னாலும் உடைத்தவன். இரண்டே வருடத்தில் எல்லோரும் திரும்பிவிடுவார்கள் என்று அவன் சொன்னான். எரேமியா சொன்னது எழுபது வருடம். யாருக்குக் கைதட்டல் விழுந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போன ஆண்டு ஒரு வீட்டுக்கு மந்திரிக்கப் போயிருந்தேன். தண்ணீர் தெளித்துக்கொண்டே உள்ளறைக்குப் போனால், பரணில் ஒரு தகரப்பெட்டி. பூட்டு துருப்பிடித்துப் போயிருக்கிறது. "அதுல என்ன?" என்று கேட்டேன். வீட்டுக்கார அம்மா சிரித்தார். "பித்தளைப் பானை, குத்துவிளக்கு எல்லாம் ஃபாதர். ஊர்ல வீடு கட்டிப் போறப்போ பிரிச்சுக்கலாம்னு." எத்தனை வருடமாக அங்கே இருக்கிறது என்றேன். இருபத்தியிரண்டு. அந்த வீட்டு அய்யா பணி ஓய்வு பெற்றுவிட்டார், இரண்டு பிள்ளைகளும் இந்தத் தெருவுக்கு அடுத்த தெருவில் பிளாட் வாங்கிவிட்டார்கள். பெட்டி இன்னும் இறங்கவில்லை. அனனியாவின் இரண்டு வருடம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

நம்மைப் பார்த்து, கட்டுப்பெட்டிகள் என்று நகரத்துக்காரர்கள் கேலி செய்வதுண்டு. எனக்கு அதில் கோபம் இல்லை. எட்டு மணிக்குத் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் செபமாலைக்கு உட்காருகிற வீடுகள் நம் அன்பியங்களில் இன்னும் இருக்கின்றன. படுத்த படுக்கையான மாமியாரை மருமகள் ஏழு வருடம் பார்த்துக்கொண்ட வீடு இருக்கிறது; நான் மாதம்தோறும் நன்மை கொண்டுபோகிற வீடு அது. கடன் வாங்கக் கூசுகிறவர்கள், வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவர்கள், சம்பளத்தில் ஒரு பங்கை ஒரு கை கொடுப்பது மறு கைக்குத் தெரியாமல் வின்சென்ட் தே பவுல் சபைக்குக் கொடுக்கிறவர்கள். இதெல்லாம் பழமை என்றால், அந்தப் பழமையின் காலைத் தொட்டுக் கும்பிடலாம். இவற்றை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: ஊரிலிருந்து எல்லாவற்றையும் கொண்டுவந்தோமா, அல்லது பாதியை மட்டுமா?

நம் மொழியில் 'வீடு வாசல்' என்று சேர்த்துத்தான் சொல்வோம். வீடு வாசல் உள்ள குடும்பம் என்போம், வீடு வாசலை விட்டு வந்தேன் என்போம். வீடு தனி, வாசல் தனி. வீடு என்னுடையது. வாசலோ எனக்கும் தெருவுக்கும் பொது. ஊரில் நம் பாட்டிமார் விடியற்காலையில் சாணம் தெளித்தது வீட்டுக்குள் இல்லை, வாசலில். மழைக்கு முன்னால் ஊரே சேர்ந்து குளத்து வரத்துக்காலை வெட்டிவிட்டது; வராதவன் வீட்டுக்குத் தெண்டம். நாம் குளம் என்பதை இந்தப் பக்கத்தார் ஏரி என்கிறார்கள். வந்த புதிதில் நானே குழம்பினேன். பெயர்தான் வேறு, மதகும் கலங்கலும் இரண்டுக்கும் ஒன்றுதான். கோவில் கொடிமரத்துக்கு வரி கொடுத்த அதே ஊர்க் கமிட்டிதான் குளத்துக்கும் கணக்கு வைத்திருந்தது. செபமாலையும் வரத்துக்காலும் ஒரே வாழ்க்கையின் இரண்டு வேலைகள்.

இங்கே வந்ததும் செபமாலையைக் கொண்டுவந்தோம், வரத்துக்காலை அங்கேயே விட்டுவிட்டோம். வீட்டைக் கட்டினோம், வாசலை மறந்தோம். கார் ஏறுவதற்கு 'ராம்ப்' போட்டோம், அது மழைநீர் வடிகாலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பெருமழை பெய்கிற இரவில் செப்டிக் டேங்கில் மோட்டாரைப் போட்டு வடிகாலுக்குள் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மழைச் சத்தத்தில் மோட்டார் சத்தம் கேட்காது என்று நினைக்கிறார்கள். எனக்குக் கேட்கிறது. பங்குத்தந்தை வீட்டுச் சன்னல் தெருப்பக்கம்தான் இருக்கிறது.

அடுத்ததாக நான் சொல்லப்போவது பங்கின் பாவம். சொல்லாமல் இந்தப் பீடத்தருகே நிற்க எனக்கு யோக்கியதை இல்லை.

2015 டிசம்பர் வெள்ளம் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். சென்னை வெள்ளம் என்றால் எல்லோரும் செம்பரம்பாக்கத்தைச் சொல்வார்கள். நமக்கு மேற்கே முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் முதல் மாடி வரை ஏறிய தண்ணீர் செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் இல்லை. செம்பரம்பாக்கத்தின் உபரி திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் சேருகிறது. முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. அங்கே வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். அது போகிற வழியில் நாம் மனை போட்டிருந்தோம். நம் கோவிலுக்குள்ளும் முழங்கால் அளவு நின்றது. அப்போதைய பங்கு மக்கள் படகு பிடித்து, பால் பொட்டலம் சுமந்து, மதம் பார்க்காமல் ஐந்நூறு பேருக்கு நம் கூடத்தில் சோறு போட்டார்கள். அந்தப் புண்ணியம் அவர்களுடையது.

அதற்குப் பிறகு என்ன செய்தோம்? வளாகம் முழுவதையும் இரண்டு அடி உயர்த்திச் சிமெண்டுக் கல் பதித்தோம். எனக்கு முன் இருந்தவர் தொடங்கினார், நான் வந்து மிச்சத்தை முடித்தேன். திறப்பு விழாவுக்குக் கல்வெட்டும் வைத்தோம். இப்போது மழை வந்தால் கோவிலுக்குள் ஒரு சொட்டு வராது. பெருமையாக இருந்தது, இரண்டு மழைக்காலம் வரை.

ஏரிக்கரைத் தெருவில் ஒரு வயதான அம்மா இருக்கிறார். பதிவேட்டில் இந்த ஊரைச் சொந்த ஊர் என்று எழுதிய நான்கு குடும்பங்களில் ஒன்று. நான் காலைத் திருப்பலிக்குக் கதவு திறக்கிற நேரத்தில் அவர் பெருக்கிக்கொண்டிருப்பார். தன் வீட்டு முன் மட்டுமல்ல, பக்கத்து வீட்டு முன்பும், நம் மதிலோரமும். ஒரு நாள், "எதுக்கும்மா அவ்வளவு தூரம் பெருக்குறீங்க?" என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. "வாசல்னா தெரு வரைக்கும்தானே சாமி?" என்றார். பிறகு துடைப்பத்தைத் தட்டிக்கொண்டே, கோபமே இல்லாமல், கூலிக்கணக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "முன்னெல்லாம் மழைத்தண்ணி கோயில் வழியாப் போயி ஏரியில விழும். நீங்க ஒசத்தினதுக்கப்புறம் எங்க வீட்டுக்குள்ள வந்து நின்னுட்டுப் போவுது."

இரண்டு வருடம். அவர் ஞாயிறு தவறாமல் அதே கோவிலுக்கு வந்து, நாம் உயர்த்திய அந்த இரண்டு அடியில் படியேறி வந்து, நன்மை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. பங்குப்பேரவையில் அந்தத் தெருவிலிருந்து யாரும் இல்லை என்பதையும் அன்றுதான் கவனித்தேன். பாபிலோனுக்கு வந்த அகதிகள் நாம் என்று நம்மைப் பற்றி உருக்கமாக நினைத்துக்கொள்கிறோம். நம் பாபிலோனில் ஏற்கெனவே குடியிருந்தவர்களின் வாசலில் தண்ணீரைத் திருப்பிவிட்டவர்களும் நாமே.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் கொள்கைத் திரட்டைத் தந்தது. அதன் 43 ஆம் எண்ணில், நம்பிக்கை ஒரு பக்கமும் அன்றாட வாழ்வு ஒரு பக்கமுமாகப் பிரிந்து கிடப்பதை இக்காலத்தின் பெரிய தவறுகளில் ஒன்று என்று சங்கத்தந்தையர் எண்ணினார்கள். அதே ஏட்டின் 75 ஆம் எண், பொதுநலனுக்காக வாக்களிப்பது குடிமகனின் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட என்கிறது. யாருக்குப் போட வேண்டும் என்று இந்த இடத்திலிருந்து நான் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் கேட்கவும் மாட்டீர்கள், அது நல்லதுதான்.

ஆனால் ஒரு சனிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2021 இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். வீடு மாறாமலே நாமெல்லாம் மாநகரவாசிகள் ஆனோம். எழுபது வார்டுகளுக்கும் முதல் தேர்தல் 2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை. குப்பை, விளக்கு, வடிகால், குடிநீர், நம் வாசலுக்கு வெளியே உள்ள எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்கான தேர்தல் அது. மறுநாள் ஞாயிறு. நற்கருணைக்குக் கைகூப்பி வரிசையில் வருகிறீர்கள். இடது கை ஆள்காட்டி விரல்கள் என் கண் முன்னால் ஒவ்வொன்றாக வருகின்றன. எண்ணக் கூடாத நேரத்தில் எண்ணினேன், ஆண்டவர் மன்னிப்பாராக. மை இருந்த விரலைவிட இல்லாத விரல்தான் அதிகம். பக்கத்தில் சென்னை மாநகராட்சியிலும் நூற்றுக்கு 44 பேரைக்கூட அன்று வாக்குச்சாவடியில் பார்க்க முடியவில்லை.

பிறகு விசாரித்தேன். பலருக்குச் சோம்பல் இல்லை. வாக்காளர் அட்டை ஊரில் இருக்கிறது. ஊர்த் திருவிழாவுக்கு ஆறு மணி நேரம் பேருந்தில் போகிறவர்கள், சட்டமன்றத் தேர்தலுக்கும் போகிறார்கள். போய், தாங்கள் வருடத்தில் பத்து நாள் தங்குகிற ஊருக்குச் சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுத்துவிட்டு வருகிறார்கள். முந்நூற்று ஐம்பத்தைந்து நாள் குப்பை அள்ளுகிற ஊருக்கு யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. முகவரி மாற்றப் படிவம் 8 போதும், தொலைபேசியிலேயே நிரப்பலாம். இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பது சட்டப்படி தவறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டிலும் பெயர் உள்ள இருவர் முன்வரிசையில்தான் இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன்.

'சொந்த ஊர்' என்ற சொல்லுக்கு இன்னொரு வேலையும் நாம் கொடுத்து வைத்திருக்கிறோம். மாடி வீடு வாடகைக்கு என்று பலகை தொங்கும். கேட்டு வருகிறவரிடம் முதல் கேள்வி, "எந்த ஊர்?" இரண்டாவது, "ஊர்ல எந்தத் தெரு?" மூன்றாவது கேள்விக்கு அவசியமே இருக்காது. கிறிஸ்தவர்தான், நம் பங்கில்தான் பதிவு செய்திருக்கிறார், இருந்தும் வீடு கிடைக்காமல் போன இளம் தம்பதி என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். இதையும் பாரம்பரியம் என்கிறார்கள். என் பக்கத்து வடக்கன்குளம் கோவிலுக்குள் சாதிகளைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. அதை இடித்தது 1910 இல். இடித்ததை எதிர்த்து, அது எங்கள் வழக்கம், எங்கள் உரிமை என்று நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அந்தச் சுவர் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதன் செங்கலை ஒவ்வொருவராகப் பெட்டியில் போட்டு இவ்வளவு தூரம் எடுத்துவந்திருக்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம். பழமையைக் காப்பது வேறு, பழையதையெல்லாம் சேர்த்து வைப்பது வேறு, பரண் தாங்காது.

கடைசி வரிசையில் நிற்கிற ஜார்கண்டுப் பிள்ளைகளை இன்றைக்காவது திரும்பிப் பாருங்கள். கட்டட வேலைக்கு வந்தவர்கள். தமிழ்ப் பூசை புரியாது, ஆனாலும் எங்கே முழங்காலிட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். சமாதானம் சொல்கிற நேரத்தில் அவர்கள் பக்கம் கை நீளுவதில்லை. நமக்கு இது சொந்த ஊர் இல்லை என்போம். அவர்களைக் கண்டால் மட்டும் திடீரென்று மண்ணின் மைந்தர்கள் ஆகிவிடுகிறோம். எரேமியாவின் கடிதம் இன்று யார் பெயருக்கு வந்திருக்கிறது என்று தபால்காரரைக் கேட்டால், அவர்கள் தங்கியிருக்கும் தகரக் கொட்டகைக்குத்தான் முதலில் வழி காட்டுவார்.

கொடிக்கம்பத்தின் கீழே பிள்ளைகள் பொறுமை இழந்துகொண்டிருப்பது தெரிகிறது. இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

நகர்ப்புற உள்ளாட்சிகளில் ஒவ்வொரு வார்டிலும் பகுதி சபைக் கூட்டம் என்று ஒன்று இப்போது இருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று நம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதலமைச்சரே வந்திருந்தார், செய்தியில் பார்த்திருப்பீர்கள். நம் வார்டுக் கூட்டம் இன்று மூன்று மணிக்கு, அரசுப் பள்ளி வளாகத்தில். போன முறை நான் போனேன். இருபத்தைந்து நாற்காலி போட்டிருந்தார்கள், பதினொரு பேர் இருந்தோம். நம் பங்கிலிருந்து நானும் ஏரிக்கரைத் தெரு அம்மாவும் மட்டும். அவர் எழுந்து தெருவிளக்கு எண்ணைச் சொல்லி, எத்தனை நாளாக எரியவில்லை என்று தேதியோடு சொன்னார். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

இந்த முறை பங்குப்பேரவை ஒரு மனு எழுதியிருக்கிறது. கோவில் வளாகத்தின் ஓரமாக, நம் நிலத்திலேயே, நம் செலவிலேயே ஒரு வாய்க்கால் விட்டு ஏரிக்குச் சேர்க்க மாநகராட்சியின் அனுமதி கேட்கிறோம். இரண்டு அடி உயர்த்தியதால்தான் இது தேவைப்படுகிறது என்பதையும் மனுவில் மறைக்காமல் எழுதச் சொன்னேன். சிலருக்கு அதில் விருப்பமில்லை. கோவிலின் பெயர் கெட்டுவிடும் என்றார்கள். அந்த வரி அப்படியே இருக்கிறது. கல்வெட்டில் போட்ட பணத்தை வாய்க்காலுக்குப் போட்டிருக்கலாம் என்று பொருளாளர் முணுமுணுத்தார், அவர் சொன்னதும் சரிதான்.

மனு, வாசல் பக்கம் திருமுழுக்குத் தொட்டிக்கு அருகே மேசையில் இருக்கிறது. கொடியேற்றி, மிட்டாய் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகும் வழியில் கையெழுத்துப் போடுங்கள். முதல் கையெழுத்து அந்த அம்மாவுடையது, நேற்றே போட்டுவிட்டார். பேனாவை நூலில் கட்டிவைத்திருக்கிறோம். போன முறை வைத்த மூன்று பேனாக்களையும் காணவில்லை.